பிடிக்க ஓர் ஆள்

அக்டோபர் 9, வியாழன்.

நேற்றைய பக்கத்தில் ஒரு தப்பு இருக்கிறது. வண்டி பழுது பார்க்கிற வகுப்பில் கரண்ட் போன நேரத்தில் வாத்தியார் சொன்னது அவருடைய தம்பிக்கு நடந்தது என்றும், நடுராத்திரியில் நடந்தது என்றும் எழுதியாகிவிட்டது. இரண்டும் சரியில்லை. அது அவர் மனைவியின் அண்ணனுக்கு நடந்தது. நடந்ததெல்லாம் பகலில். பேய் என்றதும் கை தானாக ராத்திரி என்று எழுதிவிட்டது. அடித்துத் திருத்தினால் பக்கம் அசிங்கமாகிவிடும். அதனால் முதலிலிருந்து, வரிசையாக.

கரண்ட் போனது எட்டு இருபதுக்கு. வெளியே மழை. பட்டறையின் தகரக் கூரையில் அது விழுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே பாதிதான் கேட்டது. ஆறு பேரும் ஸ்டூல்களை இழுத்துப் போட்டு நெருங்கி உட்கார்ந்தார்கள். நடுவே ஸ்டாண்டில், மதியம் வந்து இறங்கிய ஜீப்பின் பின் ஆக்சில், பின் சக்கரங்களைச் சுற்றவைக்கிற அச்சு. மூடி கழற்றியிருந்தது. உள்ளேயிருந்து பழைய கியர் ஆயிலின் வாடை... கந்தகமும் கெட்டுப்போன முட்டையும் கலந்தது போல.

"அதுல யாரும் கை வைக்காதீங்க" என்றார் வாத்தியார். "நாளன்னிக்கு வைக்கலாம். அதுக்கு முன்னாடி இதைக் கேட்டுடுங்க." மெழுகுவத்தியைத் தரையில் ஒட்டவைத்துவிட்டு ஆரம்பித்தார். "மணி மூணு பத்து. மேல இருக்கற நீர்த்தேக்கத்துல இருந்து இறங்கற ரோடு. ஒரு பக்கம் பாறை. இன்னொரு பக்கம் ஒண்ணுமே இல்ல. ஒரு ஈ காக்கா கிடையாது."

"பகல் மூணா?" என்றான் டார்ச். செல்போன் கடை வைத்திருப்பவன். எப்போதும் போன் விளக்கை எரியவிட்டுக்கொண்டே திரிவதால் அந்தப் பேர். "பேய்க்கு அது சாப்பிட்டுத் தூங்கற நேரமாச்சே சார்!"

"நீ கொஞ்சம் வாயை மூடறியா?" என்றாள் பேக்கரி அக்கா. தன் ரொட்டி வேனைத் தானே பழுது பார்க்க வேண்டும் என்று வகுப்பில் சேர்ந்தவள். "சார், நீங்க சொல்லுங்க."

வாத்தியார் சொன்னது இது.

அவருடைய மச்சானுக்குக் கடைகளின் தராசுகளைச் சரிபார்க்கிற வேலை. ஒரு கிராம் கூடக் குறைய விடமாட்டார். வீட்டிலும் அப்படித்தான். அதனால் ஊரே அவரைக் கிராம் என்றுதான் கூப்பிடும். அவர் மனைவிக்கு, மேலே நீர்த்தேக்கங்களுக்குப் போய்ப் பரிசோதனைக்குத் தண்ணீர் எடுத்து வருகிற வேலை. பாதை மோசம். நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப் ஒன்றை வாங்கி, இருவருமாகத்தான் அதைப் பிரித்துப் பிரித்துச் சேர்த்தார்கள்.

அந்த ஜீப்பின் பின் ஆக்சிலுக்குப் புதுக் கியர் போட வேண்டியிருந்தது. நடுவில் இரண்டு கியர்கள். பெரிய வட்டம் கிரவுன். அதைச் சுற்றவைக்கிற சின்னது பினியன். ஒன்றை ஒன்று எவ்வளவு ஆழமாகக் கடிக்க வேண்டும் என்பதைப் பினியனுக்குப் பின்னால் வைக்கிற மெல்லிய தகடுகள் தீர்மானிக்கும். ஷிம் என்பார்கள். முடியளவு கூடினாலும் குறைந்தாலும் பல் சூடேறும், தேயும், ஒருநாள் உடையும். சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பற்களில் மஞ்சள் பசை பூசித் திருப்புவார்கள். பல்லில் பல் பட்ட இடத்தில் பசை விலகும். தடம் பல்லின் நடுவில் விழுந்தால் சரி. ஆனால் ஒருவர் பினியனைத் திருப்பும்போது இன்னொருவர் கிரவுனைத் துணி வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். பாரமில்லாமல் சுற்றும் கியர் பொய் சொல்லும்.

எப்போதும் அவர் திருப்புவார். அவள் பிடிப்பாள். "கல்யாணம் ஆன நாள்ல இருந்து இதேதானே நடக்குது... நீங்க திருப்பறீங்க, நான் பிடிச்சு நிறுத்தறேன்" என்பாள். "போதும்" என்று அவர் சொன்னதும் கையை எடுப்பாள். அவள் விரல்களில் எந்நேரமும் குளோரின் வாடை அடிக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பிடிக்கவில்லை. மலை ஏறுவது போதும், கீழே பரிசோதனைக் கூடத்திலேயே உட்கார்ந்துகொள்கிறேன் என்று அவள் சொல்லி ஒரு வாரம் ஆகியிருந்தது. அவரோ மலை ஏறுவதற்கென்றே கியரை வரவழைத்துப் பெட்டியைப் பிரித்துவிட்டிருந்தார். வார்த்தை தடித்தது.

"எனக்கு வேண்டாம்னு சொல்றது உங்க காதுல விழவே விழாதா?"

"வாங்கியாச்சு. பூட்டிடலாம். அப்புறம் பேசிக்கலாம்."

"அப்ப நீங்களே திருப்புங்க. நீங்களே பிடிச்சுக்குங்க."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவரும் வீம்புக்குக் கூப்பிடவில்லை. தனியாகத் திருப்பினார். மங்கலாக, இழுபட்டதாக ஒரு தடம் விழுந்தது. நடுவில் விழுந்த மாதிரிதான் இருந்தது. நோட்டில் 'சரி' என்று எழுதி மூடியைப் பூட்டினார்.

பத்தொன்பதாம் நாள், மணி மூன்று பத்து. வேலை மாற்றம் இன்னும் வராததால் அவள்தான் தண்ணீர் எடுத்துக்கொண்டு தனியாக ஓட்டி வந்தாள். இறக்கத்தில் பின் சக்கரங்கள் நின்றுபோயின. சாலையில் இரண்டு கறுப்புக் கோடுகள்... வளைவு வரைக்கும், வளைவைத் தாண்டி விளிம்பு வரைக்கும். கீழே ஜீப், உள்ளே உயிரில்லாமல் அவள். பன்னிரண்டு தண்ணீர் பாட்டில்களில் ஒன்றுகூட உடையவில்லை.

பினியனில் மூன்று பற்களின் முனை பெயர்ந்திருந்தது. பல் உடைந்ததால் விழுந்ததா, விழுந்ததால் பல் உடைந்ததா? விசாரிக்க வந்தவர்களால் சொல்ல முடியவில்லை. 'ஓட்டியவரின் கவனக்குறைவு' என்று எழுதி முடித்துக்கொண்டார்கள்.

கிராம் அழவில்லை. அழாததைப் பற்றிய கவலையும் இல்லை. நான்காம் நாள் வேலைக்குப் போனார். தராசுகளைச் சரிபார்த்தார். நின்றுகொண்டே ரொட்டி தின்றார். தங்கை, வாத்தியாரின் மனைவி, வந்து தோளைப் பிடித்து உலுக்கியபோது, எங்கேயோ வேறொருவரை உலுக்குவதைப் பார்ப்பது போல இருந்தது. ஒன்று மட்டும்தான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. அந்தச் 'சரி' சரிதானா?

ஒன்பது மாதம் கழித்து ஆக்சிலை மீட்டு வீட்டுக் கொட்டகைக்குக் கொண்டுவந்தார். அதே கியர், அதே ஷிம்.

"உடைஞ்ச கியரை யாராவது திரும்பப் பூட்டுவாங்களா?" என்றாள் தங்கை. அவர் ஷிம்களை எடுத்துத் துடைத்தார். மிச்சமிருந்த பற்களில் தடம் விழுந்தால் போதும் என்பது அவர் கணக்கு.

பேரிங்கை எண்ணெயில் காய்ச்சித்தான் பினியனில் ஏற்ற வேண்டும். கையுறை போட மறந்து வெறும் விரல்களால் எடுத்தார். தீய்ந்த வாடை வந்தது. எங்கிருந்து வருகிறது என்று சுற்றும் முற்றும் பார்த்தார். கடைசியில்தான் தன் விரல்களைப் பார்த்தார். வலி இல்லை.

அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெயில் கொட்டகை வாசல்வரை வந்து நின்றது. பசை பூசினார். பிடிக்க ஆளில்லை என்று தெரியும். முதலில் சும்மா ஒரு சுற்று. பினியனில் சுற்றிய கயிற்றில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்தார். ஒன்றரை கிலோ. சுற்றியது. உடைந்த மூன்று பற்களும் வரும்போதெல்லாம், டக்... டக்... டக்... பிறகு நிசப்தம். மறுபடி, டக்... டக்... டக்...

மூன்றாவது சுற்றில் தராசின் முள் ஏறியது. இரண்டு. மூன்றரை. ஐந்து.

டக் சத்தம் இல்லை. உடைந்த பல்லே இல்லாதது போலக் கியர் பிசிறில்லாமல் சுற்றியது. ஆயில் வாடைக்கு மேலே... குளோரின்.

"போதும்" என்றார். பழக்கத்தில் வாய் தானாகச் சொன்னது.

முள் ஒன்றரைக்கு இறங்கியது.

தடம் பல்லின் நடுவில், முட்டை வடிவில், அச்சில் வார்த்தது போல விழுந்திருந்தது. துடைத்துவிட்டு மறுபடி பூசினார். ஏழு தடவை. ஏழு தடவையும் நடுவில். அவருக்குப் பயம் வரவில்லை. நிம்மதியும் வரவில்லை. நோட்டில் ஏழு முறை எழுதிக்கொண்டார்.

இங்கே டார்ச் தொண்டையைக் கனைத்தான். "பேய் ஆளைப் பிடிச்ச கதை கேட்டிருக்கேன். கியரைப் பிடிச்ச கதை..." யாரும் சிரிக்கவில்லை. அவனே பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"அடுத்த ஞாயிறு என்னைக் கூப்பிட்டார்" என்றார் வாத்தியார். "காரணம் சொல்லல. 'மாப்பிள்ளை, ஒரு கை பிடிங்க'ன்னார். அவ்வளவுதான்."

வாத்தியார் பிடித்தார். கிராம் திருப்பினார். சத்தம் இருந்தது, டக்... டக்... டக்... நிறுத்தியதும் வாத்தியார்தான் முதலில் குனிந்து பார்த்தார். தடம் நடுவில் இல்லை. பல்லின் அடியில், ஓரத்தில், நகக்கீறல் போல ஆழமாக விழுந்திருந்தது. பத்தொன்பது நாள் தாங்கியதே பெரிது என்று பார்த்தவுடன் தெரிந்தது. கிராம் இந்தப் பக்கம் சுற்றி வருவதற்குள் வாத்தியார் கட்டைவிரலால் அதை அழித்துவிட்டார்.

"சரியா இருக்கு மச்சான்."

கிராம் பல்லைப் பார்க்கவில்லை. வாத்தியாரின் கட்டைவிரலைப் பார்த்தார். அது மஞ்சளாக இருந்தது.

"கையைக் கழுவிக்குங்க மாப்பிள்ளை" என்றார்.

வாத்தியார் போன பிறகு கிராம் கொட்டகையில் தனியாக நின்றார். உயிருள்ள கை பிடித்தால் ஓரம், இல்லாவிட்டால் மாப்பிள்ளை எதற்கு அழிக்கிறார்? அவள் பிடித்தால் நடுவில். தராசு பார்க்கிறவருக்கு இதில் புரிய என்ன இருக்கிறது? யாரோ தராசுத் தட்டில் விரல் வைக்கிறார்கள். புதிதாகப் பசை பூசினார். கிரவுனுக்கு அந்தப் பக்கம், ஒருவரும் இல்லாத இடத்தைப் பார்த்துச் சொன்னார்.

"பிடி. ஆனா எனக்காகப் பிடிக்காத."

இழுத்தார். முள் ஏறியது. ஐந்து... பத்து... பதினெட்டு. கியர் அசையவில்லை. தராசைக் கழற்றிப் போட்டுவிட்டு நீளக் கம்பியை மாட்டி முழு உடம்பையும் கொடுத்துத் தொங்கினார். அசையவில்லை. ஸ்டாண்டுதான் தரையில் கிரீச் என்று நகர்ந்தது. அந்த இறக்கத்தில் சக்கரங்கள் இப்படித்தான் நின்றிருக்கும்.

"போதும்" என்றார்.

விடவில்லை.

"போதும்மா. எனக்குத் தெரியும். சொல்லிடு."

விடவில்லை. வெயில் கொட்டகையை விட்டுப் போகிற வரைக்கும் தரையில் உட்கார்ந்திருந்தார். குளோரின் வாடை அவ்வளவு நேரமும் இருந்தது. மறுநாள் காலை ஒற்றை விரலில் சுற்றியது.

வாத்தியார் நிறுத்தினார். மழை விட்டிருந்தது, கூரையிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும்.

"மதியம் அவரே வண்டி பிடிச்சுக் கொண்டுவந்து இறக்கிட்டு, இதையெல்லாம் சொன்னார்" என்றார். "என் கை அவருக்குப் பொய் சொல்லிடுச்சு. அவ கையும் சொல்லிடுச்சு. தன்னை யாருன்னே தெரியாத ஆளுங்க பிடிக்கணும், தெரியாத ஆளுங்க பார்த்துச் சொல்லணுமாம். வெள்ளிக்கிழமை வந்து அந்த ஸ்டூல்ல உட்காருவார். என்ன விழுதோ, அதை அப்படியே சொல்லிடுங்க. நான் அன்னிக்கு உள்ளேயே வரமாட்டேன்."

"ஓரத்துல விழுந்தா?" என்றாள் பேக்கரி அக்கா.

"ஓரம்னு சொல்லுங்க."

"நடுவுல விழுந்தா?"

வாத்தியார் மெழுகுவத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப, யார் பிடிச்சாங்கன்னு கேட்பார்" என்றார்.

கரண்ட் வந்தது. எல்லோருக்கும் கண் கூசியது. வாத்தியார் கதவைப் பூட்டச் சாவி எடுக்கப் போனார். டார்ச்சால் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு விரலால் பினியனைத் தள்ளிவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

டக்... டக்... டக்...

டக்... டக்... டக்...

பிறகு சத்தம் நின்றது. கியர் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

நாளை, வெள்ளி, ஆறரை மணி. பற்களைத் துடைத்து மஞ்சள் பசை பூச வேண்டும். திருப்புவது டார்ச். தடத்தைப் பார்த்து அவரிடம் சொல்வது பேக்கரி அக்கா. பிடிப்பதற்கு இன்னும் யாரும் பேர் கொடுக்கவில்லை.