வாசலில் நிற்பவருக்கு ஒரு வகுப்பு

பொம்மிடியிலிருந்து வந்த பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு பெண் எஸ்.ஐ.யும் வயதான ஏட்டும். புதுக் காவலர்களுக்கான பயிற்சி அட்டவணையை அன்றே கொடுத்தாக வேண்டுமாம்.

"முதல் நாள் சட்டம் வேண்டாம் ஏட்டய்யா. பசங்க ஸ்டேஷன் கேட்டுக்கு வெளிய போய் நிக்கட்டும்."

"எதுக்குங்க மேடம்?"

"மலையில இருந்து புகாரோட வர்றவங்க, நாம கூப்புடாம உள்ள வர்றதில்ல. நின்னு பாத்துட்டுத் திரும்பிடுறாங்க. நம்மாளு 'இன்னைக்குப் புகார் இல்ல'ன்னு எழுதிடுறான்."

"செரிங்க. இதுக்குப் பரீட்சை எப்புடிங்க வெக்கிறது?"

"புகாரோட வந்தவங்க உள்ள வந்து பேசிட்டா பசங்க பாஸ்."

"வரலைன்னா யாருங்க ஃபெயிலு? பசங்களா, பாடம் எழுதுன நாமளா?"

தருமபுரி வரும்வரை எஸ்.ஐ. பேனாவைத் திறந்தே வைத்திருந்தார். பரீட்சைக்கான கட்டம் மட்டும் காலியாக இருந்தது.