ஒத்த மீனுதான்

அறுபதுகளின் தொடக்கம். குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், தென்காசியிலிருந்து இலத்தூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் தூண்டில் கம்போடு ஒருவர் இருந்தார். பக்கத்தில் அவர் மச்சினன். "நான் விட்டது ஒத்த மீனுதான் அத்தான்" என்று அவன் சொன்ன பிறகுதான் கவனித்தேன்.

"மெதுவாப் பேசுலே. பஸ்ஸுல நம்ம ஊர்க்காரவ இருக்காவ."

"சிற்றாத்துல தூண்டில் போட்டேன். இந்தப் புது ஜிலேபிக் கெண்டை, முதுகுல கொக்கி குத்தி வந்துது. நம்ம குளத்துல கெடந்தா பெறவு பிடிச்சு வெளையாடலாம்னு பானையில கொண்டாந்து விட்டேன்."

"இப்பம் குளம் பூரா அதுதாம்லே. அயிரையக் கண்ணுல காங்கல. தூண்டில் போடுத ஒவ்வொருத்தனும் இன்னைக்குச் சாயங்காலம் கோயில்ல, 'அந்த மீன நான் விடல'ன்னு சூடம் அணைச்சு சத்தியம் பண்ணணுமாம். பொய்யா அணைச்சா அம்மன் சும்மா விடாது. நீ என்ன சொல்லப் போற?"

"ஒத்த மீனுதான்னு அணைப்பேன். சோடி இல்லாம எப்பிடிப் பெருகும்? பானையில பொரி போட்டேன், பாவம், வாயவே தொறக்கல."

அத்தான் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"எப்பிடிலே தொறக்கும்? அந்தச் சாதி மீனு குஞ்சுகள வாய்க்குள்ள வச்சுல்லா காப்பாத்தும்! வாய் நெறைய பிள்ளையளோட கொண்டாந்து விட்டிருக்க."

இலத்தூர் வருவதாகக் கண்டக்டர் குரல் கொடுத்தார். மச்சினன் எழுந்திருக்கவில்லை.

"அது ஒமக்கு எப்பிடித் தெரியும்?"

அத்தான் தூண்டில் கம்பைக் காலால் சீட்டுக்கு அடியில் தள்ளினார்.

"நான் விட்டதும் ஒத்த மீனுதாம்லே."