சின்னுசாமியின் மேல் வீசிய வாடை

என் பெயர் தெரசா, வயது 38, தந்தை பெயர் இமானுவேல், சொந்த ஊர் ராசிபுரம். கொல்லிமலை அரியூர் நாடு ஊராட்சியில், உணவுக் கழிவிலிருந்து சமையல் எரிவாயு எடுக்கும் நிலையத்தில் எட்டு மாதங்களாக ஆபரேட்டராக இருக்கிறேன். அங்கேயே பின்னறையில் தனியாகத் தங்கியிருக்கிறேன். விடுதிகளில் மிஞ்சும் சோற்றையும் கெட்டுப்போன ஜூஸையும் திருப்புலி நாட்டைச் சேர்ந்த சின்னுசாமி, வயது 52, தன் லோடு ஆட்டோவில் கொண்டு வருவார். பல நாட்களில் நான் பேசுவது அவர் ஒருவரிடம்தான்.

பொங்கல் விடுமுறை முடிந்து 18-ஆம் தேதி காலை சுமார் 10 மணிக்கு அவர் வந்தார். மூன்று நாட்களாகத் தேங்கியிருந்த கலவைத் தொட்டியில் நான்கு டிரம் ஜூஸைக் கொட்டினோம். அதன் பிறகு தொட்டி அடைத்துக்கொண்டதால் அவர் ஏணி வைத்தார். விஷவாயுவுக்கான முகமூடி அலமாரியில் பூட்டியிருந்தது. சாவி மேற்பார்வையாளர் யுவராஜிடம் சேலத்தில் இருந்தது. நான் "எறங்காதீங்கண்ணா" என்றேன். அவர் "கவருதான் சாமி அடைச்சிருக்குது, எடுத்துட்டு வாரேன்" என்று சொல்லி இறங்கினார். குனிந்தவர் எழவில்லை.

நான் கயிற்றை வீசினேன். இறங்கினால் இன்னொருவரும் சாவார் என்று பயிற்சியில் சொல்லியிருந்ததால் இறங்கவில்லை. போனில் சிக்னல் இல்லாததால் ரோட்டு வளைவு வரை ஓடி, தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்துவிட்டுத் திரும்பினேன். அதன் பிறகு தீயணைப்பு வண்டி வர ஒன்றேகால் மணி நேரமானது. அதுவரை கயிற்றின் என் பக்கத்து முனையை விடாமல் பிடித்துக்கொண்டு, அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அவர் இறந்துவிட்டதாக டாக்டர் சொன்னார்.

அன்று மாலை யுவராஜ் வந்து, "அவரு மேலெல்லாம் சாராய வாடை மாதிரிதானே அடிக்குது. குடிச்சிருந்தாருன்னு சொல்லீருங்க. நீங்க மட்டுந்தான இருந்தீங்க" என்றார். முதல் விசாரணையில் நானும் அப்படியே சொன்னேன். அது பொய். அவர் மேல் வீசியது புளித்த ஜூஸின் வாடை.

நேற்று அவர் மனைவி அத்தாயி நிலையத்துக்கு வந்து, "ஏனுங்கம்மா, அவரு குடிக்கிற மனுசனே இல்லீங்களே. நீங்க பாத்தீங்களாமா?" என்று கேட்டார். பிறகு லோடு ஆட்டோவில் கிடந்த சின்னுசாமியின் துண்டை எடுத்துக்கொண்டு நடந்தே போனார். அதன் பிறகு இன்று காலை முதல் பஸ்ஸில் நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

முன்பு சொன்னதை மாற்றினால் என் மேலும் வழக்கு வரலாம் என்று எடுத்துச் சொல்லப்பட்டது, தெரிந்தே சொல்கிறேன். வேறு சாட்சி உண்டா என்று கேட்கப்பட்டது. இல்லை. எழுதியதைப் படிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, நடந்ததும் இதுதான்.

(ஒப்பம்) இ. தெரசா