முனியாண்டியைத் தேடும் போலீஸ்

மேசை மேலிருந்த டெலிபோன் திடீரென்று அலறியதும், ராமாத்தாள் உட்கார்ந்திருந்த முக்காலி ஒரு பக்கம் சாய, அவள் ஒரு பக்கம் சாய்ந்தாள்.

சுங்கை ரம்பாய் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. அந்த ஆபீசுக்குள் அவள் கால் வைத்ததே அன்றைக்குத்தான். மலாக்கா தெங்கேராவிலிருந்து வக்கீல் விஜயரட்ணம் பேசுவார் என்று சொல்லி அவளை உட்கார வைத்திருந்தார் ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி கனகரட்ணம். குழலை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் தலைகீழாகப் பிடித்ததைத் திருப்பி வைத்துவிட்டுத் தம் நாற்காலிக்குப் போனார்.

கூலிகளை வேலை வாங்கும் மண்டோர் அங்கப்பனை அரிவாளால் அடித்ததாக அவள் புருஷன் பிச்சைமுத்துவுக்கு ஆறு மாதம் ஜெயில். அப்பீல் என்ன ஆயிற்று என்று கேட்கத்தான் ராமாத்தாள் வந்திருந்தாள். மலாக்கா எவ்வளவு தூரம்! தொண்டை கிழியக் கத்தினால்தான் அங்கே கேட்கும் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள்.

"அல்லோ! அல்லோ! லாயர் ஐயாங்களா? ... ஆமாங்க, ஆமாங்க, பிச்சைமுத்து சம்சாரம்தான்... என்னங்க? ... கத்தலீங்க, என் குரலே இப்படித்தான்..."

கிராணி காதுக்குள் விரலை விட்டுக்கொண்டார்.

"அப்பீலு என்னாச்சுங்க? ... எடுத்துக்கிட்டாங்களா? முனியாண்டி கைவிடல... என்ன? ... ஆமா, 'நான் அடிக்கல, முனியாண்டிதான் அடிச்சாரு'ன்னுதான் கோர்ட்டுல இவரு சொன்னாரு... அத அப்படியே எழுதிட்டாங்களா? நல்லதாப் போச்சு... நல்லது இல்லியா? ... போலீசு தேடுதா? யார? ... முனியாண்டியவா!"

குழலைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டாள்.

"போலீசு என்னைக் கேட்டா என்ன சொல்வேனா? உள்ளதத்தான் சொல்வேன்... எந்த லயமா? அவரு லயத்துல இல்லீங்க. கம்பி வேலிக்கு அந்தாண்ட, காட்டு ஓரத்துல... ஆமா, எப்பவும் அங்கதான்... ஆயுதமா? ஆளு உசரத்துக்கு அருவா வச்சிருக்காரு... சாப்பாடா? நாங்கதான் கொண்டு போவோம். சோறு, கோழி, சுருட்டு, சாராயம், ஒரு கொறையும் வைக்கிறதில்ல... என்னங்க, பேச்சையே காணோம்?"

கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. காட்டுக்குள் ஒளிந்திருந்தவர்களுக்கு ஒரு பிடி அரிசி போய்விடக் கூடாது என்றுதான் கூலிகள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பியே போட்டிருந்தார்கள். வக்கீல் அதை எடுத்துச் சொல்லச் சொல்ல, ராமாத்தாளின் முகம் வெளுத்தது.

"ஐயோ, காட்டுக்காரங்களுக்கு இல்லீங்க! சாமிக்கு! ... உங்களுக்குத் தெரியுது, வெள்ளக்காரனுக்குத் தெரியலியா? ... அதுவும் தனிக் கேசா? ... இந்தியாவுக்குக் கப்பல் ஏத்திருவாங்களா? இவரையா? ... கைப்பிள்ளையா வந்தவருங்க! இப்பக் கொண்டுபோய் எறக்கிவிட்டா, எந்தத் திக்குல நடக்கணும்னுகூடத் தெரியாதுலா!"

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ரப்பர் பால் நிறுக்க வந்தவர்கள் வாளிகளைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொருவராக ஜன்னலுக்கு வந்தார்கள். மண்டோர் அங்கப்பனும் வெற்றிலையை மென்றுகொண்டே அவர்களுக்கு நடுவில் தலையை நீட்டினான்.

"... சரிங்க... சரிங்க... சாமி வந்துதான் அடிச்சாருன்னு ஜட்ஜுக்குப் புரிய வைக்கணும்... அது லேசுதாங்க! பூசாரியக் கூட்டியாரேன். கோர்ட்டுல உடுக்கை அடிக்க விடுவாங்கல்ல? ... விடமாட்டாங்களா? கொஞ்ச நேரம்தான்லா... சாம்பிராணியாவது? ... சரிங்க, சரிங்க, கோவிச்சுக்காதீங்க..."

"மண்டோரா? இந்தா, ஜன்னல்லதான் நிக்கிறாரு... காயம் எங்கங்க? முதுகுல ஒரு தடிப்பு. அருவாளத் திருப்பிப் பட்டையாப் போட்டது... பின்ன ஏன் போடணுமா? படையலுக்கு மணி அடிக்கல, சூடம் காட்டல, அதுக்குள்ள எலையில கைய விட்டுக் கோழிக் கால எடுத்துக் கடிச்சா? சாமி கண்ணால பாக்கக்கூட இல்லீங்க! அவருக்கு முந்தி மண்டோர் வாயிக்குப் போயிருச்சு!"

ஜன்னலில் சிரிப்பு வெடித்தது. அங்கப்பன் காறித் துப்பினான்.

"... இதுக்கு முந்தியா? இவருக்குச் சாமி வந்திருக்கான்னா கேக்குறீங்க? ... அது வந்து... உடுக்கைச் சத்தத்துலயே குறட்ட விடுற மனுசன்... இல்ல, இல்ல, வந்துச்சுங்க! அன்னிக்கு வந்துச்சு! ... நானா? சாட்சிக் கூண்டுல நானா ஏறணும்? ... ஏறுறேன். ஜட்ஜு முன்னால என்ன வேணா சொல்றேன்... சத்தியமா? ... யார் மேல? முனியாண்டி மேலயா?"

ராமாத்தாள் ஜன்னலுக்கு அப்பால் வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஜட்ஜ் எங்கேயோ மலாக்காவில் இருக்கிறவர். அவரிடம் பொய் சொல்லலாம். வேலிக்கு அந்தப் பக்கம் அரிவாளோடு உட்கார்ந்திருக்கிறவர் பேரில் பொய்ச் சத்தியம் செய்துவிட்டு, அதே வழியாக விடியற்காலையில் எப்படிப் பால் வெட்டப் போவது?

"... இருக்கேங்க, லைன்லதான் இருக்கேன்... எங்க வீட்டுக்காரரு இன்னிக்குக் காலையில ஜெயில்ல உங்ககிட்ட என்ன சொன்னாரு? ... ராமாத்தாளக் கோர்ட்டுக்கு இழுக்காதீங்கன்னா? ... அழுதாரா?"

கிராணி பேனாவைக் கீழே வைத்தார். ஜன்னலில் அங்கப்பனின் வாய் மெல்லுவதை நிறுத்திவிட்டது. கண்ணை உருட்டினான், தலையை ஆட்டினான், கடைசியில் ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று அவளைப் பார்த்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான்.

"மண்டோரு என்னப் பாத்துக் கும்புடுறாருங்க... எதுக்கா? அவருக்கு அவரு மானம்... ஐயா, என்னைப் புடிச்சு உள்ள போட்டாலும் போடட்டும், எழுதிக்குங்க: அன்னிக்கு யாருக்கும் சாமி வரல, இந்தாளு முதுகுல அருவாளப் போட்டது ஆம்பள இல்ல, நான்தான்!"