இடது தோள் அரை இஞ்ச்

— இது மூணாவது தடவையா மருமகளே, அந்தாளு பல் பிடுங்கப் போனது?

— நாலாவது மாமா. போன மாசம் ஒண்ணை விட்டுட்டீங்க.

— ஒரு மனுஷன் வாயில எத்தனை பல்லுதான் இருக்கும். சரி, இன்னைக்கு என்ன சொல்றான்?

— கிளம்பிட்டாராம். பாலத்துக்கிட்ட வண்டி நகரலையாம்.

— போன தடவையும் பாலம்தான். அந்தப் பாலத்து மேலயே வீடு கட்டிக் குடியிருக்கான் போல.

— நம்ம மாடல் வெள்ளிமுடி கிளம்பிட்டேன்னு சொன்னா, குளிக்கப் போறார்னு அர்த்தம். வந்துட்டே இருக்கேன்னு சொன்னா, இனிமேதான் எழுந்திருக்கணும். அவர் பத்து மணிக்கு வேணும்னா எட்டு மணின்னு சொல்லணும் மாமா. போட்டோ எடுக்கறவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்றோம்.

— அது அவனுக்குத் தெரியாதா?

— தெரியும். அதனால பன்னெண்டுக்கு வருவார்.

— நீ சிரி. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு இந்தக் கோட்டோட படம் கம்பெனிக்காரர் மேஜையில இருக்கணும். அவருக்குப் பிடிச்சா இருநூறு கோட்டு என் கத்தரிக்கு வரும். படமே போகலேன்னா வேற ஆளுக்குப் போயிடும். நான் பழையபடி ஊரார் பேண்ட்டுக்குக் கால் மடிச்சுத் தைக்கணும். முப்பத்தோரு வருஷம் மடிச்சாச்சு.

— தெரியும் மாமா.

— எங்கே தெரியும். முதல் தடவை அவன் வரலேன்னு கோட்டைப் பொம்மையில மாட்டினே. காக்கா விரட்ட வச்ச மாதிரி இருந்துச்சு. ரெண்டாவது தடவை எதிர்க்கடை மருந்துக்காரரைக் கூட்டிட்டு வந்தே.

— பாவம், நல்ல மனுஷன்.

— நல்ல மனுஷன்தான். முதுகுப் பக்கம் துணியைச் சுருட்டிப் பதினோரு கிளிப்பு போட்டோம். மூச்சு விட்டார், நாலு தெறிச்சுது. அதுக்கப்புறம் நீ புது அளவுச் சீட்டு கொண்டு வந்தே, வெள்ளிமுடி இளைச்சுட்டான்னு. இந்தக் கோட்டை முதல்ல இருந்து வெட்டித் தைச்சேன். இப்ப பாலத்துல நிக்கறான்.

— சரி விடுங்க. அவர் வர்றதுக்குள்ள லைட்டைச் சரி பண்ணிடறேன். கோட்டைப் போட்டுட்டு அந்த சாக்பீஸ் குறியில வந்து நில்லுங்க.

— நானா? வேற ஆளைப் பாரு. கேமராவைக் கண்டா எனக்கு முதுகு விறைச்சுக்கும். எங்க கல்யாணப் போட்டோவைப் பார்த்திருக்கியா? உங்க அத்தை என்னைக் கைது பண்ணிக் கூட்டிட்டு வந்த மாதிரி இருக்கும்.

— படம் எடுக்கலை மாமா. கேமராவுல கார்டே போடலை. துணியில வெளிச்சம் எப்படி விழுதுன்னு பார்க்கணும், அவ்வளவுதான். இந்தச் சாம்பல் நிறம் லேசுல பிடிபடாது.

— கார்டு இல்லையே?

— இல்லை.

— கசங்கினா நீதான் இஸ்திரி போடணும்.

— போடறேன். முதல்ல கழுத்துல இருக்கற டேப்பைக் கழட்டுங்க.

— இதைக் கழட்டினா காணாமப் போயிடும். போன மாசம் அப்படித்தான். ரெண்டு நாள் வீட்டைத் தலைகீழாக் கவிழ்த்துத் தேடினேன். கடைசியில உங்க அத்தை தலையணைக்கு அடியில கிடந்துச்சு. கேட்டா, பூனை இழுத்துட்டு வந்திருக்கும்கறா. எங்க வீட்டுல பூனையே கிடையாது.

— என் கையில குடுங்க. நான் பார்த்துக்கறேன். சட்டைக் கை வெளியே தெரியுது பாருங்க, உள்ளே தள்ளுங்க.

— ரெடிமேட் சட்டை, அப்படித்தான் நீளும்.

— தையக்காரர் ரெடிமேட் சட்டை போடறாரா?

— சொல்லப்போனா, எனக்குன்னு நான் ஒண்ணும் தைச்சுக்கிட்டதே இல்லை. அடுத்தவன் துணியே மேஜை கொள்ளாமக் கிடக்குது. பட்டன் எல்லாம் போடணுமா?

— நடுப்பட்டன் மட்டும் போதும். என்ன மாமா, ஒரு மாதிரிப் பார்க்கறீங்க?

— ஒண்ணுமில்லை. மேல நல்லா உக்காருது.

— நல்ல கோட்டு.

— அது சரி. நல்ல கோட்டு யார் மேலயும் கொஞ்சம் உக்காரத்தான் செய்யும். அதென்ன சத்தம்?

— வெளிச்ச அளவு. கண்டுக்காதீங்க. அந்தாளைப் பத்தி அத்தைகிட்ட ரெண்டு நாள் விடாமப் பேசினீங்களாமே?

— திட்டித்தான் பேசினேன்.

— புகழ்ந்தீங்கன்னு சொன்னாங்க.

— இருக்கறதைச் சொல்லணும் இல்லையா. நேரத்துக்கு வர மாட்டான், வாயைத் திறந்தா புளுகு, எல்லாம் உண்மை. ஆனா அன்னைக்கு வேற கம்பெனிக் கோட்டுக்கு இங்கே வந்து நின்னான் பாரு. நான் கிளிப்பு மாட்ட வந்திருந்தேன், மாட்டறதை மறந்துட்டுப் பார்த்துட்டு இருந்தேன். மத்தவங்க கோட்டைக் காட்டறேன்னு தன்னைக் காட்டுவாங்க. இவன் சும்மா நிக்கறான். ஏதோ ஞாபகம் வந்து நின்ன மாதிரி. பேசறதெல்லாம் கோட்டுதான்.

— எப்படி நின்னார்?

— ஒரு காலைத் தளர்த்தி, இப்படி. கை பாக்கெட்டுக்குள்ள முழுசாப் போகாது. கட்டைவிரல் வெளியே இருக்கும். அப்பத்தான் பாக்கெட் வாய் பிளக்காது. அவனுக்கு யார் சொல்லிக் குடுத்தாங்களோ.

— திரும்பறப்போ?

— அதுதான் விஷயமே. தோளைத் திருப்ப மாட்டான். முதல்ல கண்ணு போகும். அப்புறம் தாடை. கடைசியாத்தான் கோட்டு. அதனால முதுகுல ஒரு மடிப்பு விழாது. பாரு.

— இன்னொரு தடவை மாமா. ஜன்னல் பக்கமா.

— இப்படியா?

— இன்னும் கொஞ்சம் மெதுவா. ஆங்.

— ஏன் மருமகளே, மணி என்ன ஆச்சு? ஃபோன் போட்டுப் பாரேன்.

— போடறேன். ஹலோ சார். எங்கே இருக்கீங்க? அப்படியா. பரவாயில்லை சார், மெதுவாவே வாங்க. வச்சுடறேன்.

— மெதுவா வாங்கன்னா சொல்றே? நாலு வார்த்தை கேக்க மாட்டியா?

— திட்டினா முகம் வாடிடும். வாடின முகத்தை வச்சுட்டு நான் என்ன பண்றது? வராத ஆளைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை மாமா. வந்து நிக்கற ஆளைத் தாங்கினாப் போதும். தாடை கொஞ்சம் கீழே.

— அதுவும் சரிதான். சொல்லப்போனா எனக்கும் அவன் மேல முன்ன மாதிரி கோபம் இல்லை.

— ஏன்?

— உன் சீட்டைப் பார்த்ததும் போயிடுச்சு. அவனுக்கு இடது தோள் அரை இஞ்ச் இறக்கம். அன்னைக்குப் பக்கத்துலயே நின்னேன், கண்ணுல படலை. நிக்கற அழகுல மறைச்சுட்டான்.

— தோள் இறங்கினா கோபம் போயிடுமா?

— அது பிறவியில வராது. காலமெல்லாம் ஒரே பக்கமாச் சாஞ்சு வேலை செஞ்சாத்தான் அப்படி இறங்கும். மூட்டை தூக்கினானோ, மிஷின் ஓட்டினானோ. இந்த மினுக்கெல்லாம் வர்றதுக்கு முன்னாடி எங்கேயோ உக்காந்து உழைச்சிருக்கான். அப்புறம் போய் அவனை எப்படித் திட்டறது?

— என்ன பண்ணினீங்க?

— என்ன பண்றது. இடது பக்கம் மட்டும் தோள் பஞ்சு ஒரு மடிப்புக் கூட வச்சேன். மிஷின்ல இல்லை, கையால. இந்த இடம், தொட்டுப் பார்த்தாக்கூடப் பிடிபடாது. பார்க்கறவனுக்குத் தெரியாது. போட்டவனுக்கும் தெரியாது. அவன் நிமிர்ந்த ஆளாத் தெரிவான், அவ்வளவுதான்.

— கையை எடுக்காதீங்க மாமா. அப்படியே இருங்க.

— எங்கே, தோள்லயா?

— ம். என்னைப் பாருங்க. போதும். முடிஞ்சுது, கோட்டைக் கழட்டலாம்.

— இரு, அவன் வந்ததும் நானே மாட்டி விடறேன்.

— அவர் வர மாட்டார்.

— பாலத்துல நிக்கறான்னியே?

— அந்தப் பாலம் நான் கட்டினது. ஃபோன்லயும் யாரும் இல்லை. இந்தத் தடவை நான் அவரைக் கூப்பிடவே இல்லை மாமா.

— விளையாடாதே. நாளைக்குப் பத்து மணி.

— இங்கே வந்து ஸ்கிரீனைப் பாருங்க.

— கார்டு இல்லேன்னே.

— பொய். வெள்ளிமுடியோட பழகின தோஷம்.

— என் கண்ணாடியை எடு. ம். காலர் நல்லா உக்காந்திருக்கு. கை நீளம் சரி. இது ஜன்னல் பக்கம் நின்னதா?

— ஆமா.

— பாக்கெட் வாய் பிளக்கலை.

— கோட்டை மட்டுமே பார்க்கறீங்களே மாமா. அதுக்கு மேல ஒரு முகம் இருக்கு.

— பார்த்தேன். முதுகு விறைக்கலையே.

— விறைக்கலை. நீங்க அவரை நினைச்சுட்டு நின்னீங்க. அவரே நின்னிருந்தாலும் எனக்கு இந்தப் படம் கிடைச்சிருக்காது. சொல்லாம எடுத்தது தப்புதான். வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே அழிச்சுடறேன்.

— முதல்ல அந்த அழிக்கற பட்டன்ல இருந்து கையை எடு.

— அப்போ அனுப்பலாமா?

— அனுப்பு. கடைசியில தோள்ல கை வச்சுட்டு நிக்கறனே, அதை அனுப்பு. இரு, இரு. ஒண்ணு இடிக்குது. என் முதுகுல ஒரு கிளிப்பு கூட நீ போடலை. அவன் அளவுக்குத் தைச்ச கோட்டு எனக்கு எப்படி இப்படி உக்காரும்?

— அது அவர் அளவு இல்லை.

— நீதானே சீட்டு குடுத்தே.

— ஊருக்கெல்லாம் அளவு எடுக்கறீங்க. உங்க அளவு என்னன்னு உங்களுக்குத் தெரியுமா மாமா?

— எனக்கு எதுக்கு அளவு. அப்போ அந்த அரை இஞ்ச்?

— உங்களோடதுதான்.

— என்னை யாரும் அளக்கலையே. யார் எடுத்தா?

— அத்தை. மத்தியானம் நீங்க தூங்கறப்போ, உங்க டேப்பை வச்சே.