ஆறு மணி விமானத்தைக் காத்தவருக்கு

காலத்தைக் கட்டங்களுக்குள் கட்டி ஆண்ட கைகாரரே! விடியுமுன் விழித்து விமானங்களை எழுப்பிவிட்ட விழிப்பே! கட்டணம் பேசும் கூட்டத்தில் பயணிக்காகப் பரிந்து பேசிய பண்பே! கவுண்டர்த் தோழர்களால் 'நேரக்காரம்மா' என்றும், எங்களால் 'அக்கா' என்றும், முதுகுக்குப் பின்னால் இந்த மேடையில் சொல்லத் தகாத சில பெயர்களாலும் அழைக்கப்பெற்ற கால அட்டவணைப் பிரிவின் தலைவியே! வணக்கம்.

ஓய்வு பெறும் இந்த மாதம் முழுக்கத் தாங்கள் கண்டவரிடமெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். "நான் போனப்புறம் துறைமுக நகரத்துக்குப் போற காலை விமானம் இருக்குமா, தூக்கிடுவாங்களா?" புதிதாக வரவிருக்கும் பெரிய விமானத்தைப் பற்றிய பேச்சு எங்கள் காதிலும் விழுந்திருந்ததால், கேட்கப்பட்டவர்கள் எல்லோரும் தேநீரை ஆற்றுவதில் மும்முரமானோம். இன்று பதில் இருக்கிறது. அது இம்மடலின் கடைசியில் வருகிறது. அதுவரை, தங்களுக்குச் சற்றும் பழக்கமில்லாத ஒன்றைச் செய்யுமாறு வேண்டுகிறோம்: குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

தாங்கள் பெரிய விமானத்தின் எதிரி என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். அந்தப் பழியைத் துடைப்பது எங்கள் கடமை. இந்த நிறுவனத்தில் பெரிய விமானம் வேண்டுமென்று முதன்முதலில் மல்லுக்கு நின்றவரே தாங்கள்தாம்! அன்று துறைமுக நகரத்துக்கு நாளொன்றுக்கு நான்கு சிறிய விமானங்கள் பறந்துகொண்டிருந்தன. அவற்றுக்குப் பதிலாகப் பெரியது ஒன்றை வாங்கி, காலை பத்துக்கும் மாலை ஐந்துக்கும் இருமுறை பறக்கவிட்டால், இருக்கைகளும் கூடும், ஓர் இருக்கைக்கு ஆகும் செலவும் குறையும் என்று வாதாடி வென்றீர்கள். விமானம் வந்த நாளில் அதன் மூக்குக்குக் கீழே நின்று தாங்கள் எடுத்துக்கொண்ட படம், இன்றும் தங்கள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. பெற்ற பிள்ளையின் பக்கத்தில்கூடத் தாங்கள் அவ்வளவு பூரிப்பாய் நின்றதில்லை என்று, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தங்கள் கணவர் எங்களிடம் ரகசியமாகச் சொன்னார்.

இரண்டு மாதம் எல்லாம் கூடிவந்தது. பிறகுதான் எதிராளி நிறுவனத்தார், நாம் விட்டுவிட்டு வந்த காலை ஆறு மணியிலும் இரவு எட்டு மணியிலும் தம் சின்ன விமானங்களைக் கொண்டுவந்து சத்தமில்லாமல் உட்கார வைத்தார்கள். காலையில் அவர்களோடு போனவர் திரும்பும் டிக்கெட்டையும் அவர்களிடமே எடுத்தார். நம் பெரிய விமானமோ பின்வரிசைகள் வெறிச்சோடப் பறந்தது. அதை நிரப்பக் கட்டணத்தைக் குறைத்தோம். செலவில் மிச்சம் பிடித்தது அந்த வழியாகவே கரைந்து போயிற்று.

அப்போதுதான் தாங்கள் அந்த மூன்றாம் நாற்காலியில் போய் உட்கார்ந்தீர்கள். புறப்பாட்டு மண்டபத்தில், நம் டிக்கெட் கவுண்டருக்கு எதிரே உள்ள வரிசையில், ஒரு கை உடைந்து ஆடும் அந்த நாற்காலியில்! பறந்தவர்களின் எண்ணிக்கை மட்டுமே பேசப்பட்ட நிறுவனத்தில், நம் நேரப் பலகையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நகர்ந்தவர்களின் பின்னால் போனவர் தாங்கள் ஒருவரே. "உங்களுக்கு எத்தனை மணிக்குப் போகணும்?" என்று கேட்டீர்கள். வழக்கறிஞர் ஒருவர் தங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "பத்து மணிக்கு நான் கோர்ட்ல நிக்கணும்மா. உங்க விமானம் பத்து மணிக்குத்தான் கெளம்பவே கெளம்புது. உள்ள அரண்மனை மாதிரி இருந்து நான் என்ன பண்றது?"

அதற்கடுத்த கூட்டத்தை இருந்து பார்த்தவர்கள் மறக்கவில்லை. துணைத் தலைவர் பதவி தங்களுக்குத்தான் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த சமயம். இன்னும் பெரிய விமானம் வாங்கி, இன்னும் கட்டணத்தைக் குறைத்தால் என்ன என்று மேலாண்மை இயக்குநர் கேட்டார். தலையாட்டியிருந்தால் பதவி மடியில் வந்து விழுந்திருக்கும். தாங்களோ எழுந்து நின்றீர்கள். "சார், சீட்டு காலியா கெடக்கறது விலையால இல்ல, நேரத்தால. காலையிலேயே ஒரே பெரிய பானையில மூணு வேளைக்கும் ஆக்கி வெச்சா அடுப்புச் செலவு மிச்சந்தான். ஆனா சாயங்காலம் பசிக்கறவன் எதிர்க்கடைக்குப் போயிடுவான். இந்த விமானத்தைக் கேட்டது நான். இந்த ரூட்ல போட்டதும் நான். தப்பு என்னோடது, மாத்துங்க." அந்தப் பதவி வேறொருவருக்குப் போனது. அன்றைக்குத் தாங்கள் கழிவறையில் போய் அழுதீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். தெரியாதது போல் இருந்தோம்.

பெருந்தன்மையே! தாங்கள் அந்தப் பெரிய பிள்ளையைக் கைவிடவில்லை. இறங்கவும் ஏறவும் புதிதாக ஒரு நேரம்கூடக் கிடைக்காத தலைநகர விமான நிலையத்துக்கு அதை அனுப்பினீர்கள். கூடுதலாகப் பறக்க வழியில்லாத இடத்தில், ஏற்கெனவே கையிலிருக்கும் ஒரே நேரத்தில் கூடுதல் பேரை ஏற்றுவதே புத்தி என்றீர்கள். அங்கே அது இன்றுவரை நிரம்பி வழிகிறது. துறைமுக நகரத்துக்கோ சின்ன விமானங்கள் திரும்பின. ஆறு மணி விமானமும் திரும்பியது. எதிராளியிடம் போயிருந்த வழக்கறிஞரும் ஒரு நாள் திரும்பி வந்து, நன்றி சொல்லாமல், ஜன்னலோர இருக்கை கேட்டார்.

இனி தங்கள் கேள்விக்கு வருகிறோம். போன வாரம், பேத்தி பிறந்திருக்கிறாள் என்று தாங்கள் துறைமுக நகரத்திலுள்ள மகள் வீட்டுக்குப் பறந்திருந்தபோது, ஒரு கூட்டம் நடந்தது. புதிய பெரிய விமானத்தை அந்த வழியில் போட்டு, காலை விமானத்தை நிறுத்துவதுதான் பேச்சு. தாங்கள் இல்லாத கூட்டத்தில் எங்களுக்குக் கை கால் ஓடவில்லை. கூட்டத்துக்கு முந்தின நாட்களில் நாங்கள் செய்தது ஒன்றே ஒன்றுதான்: ஆளுக்கொரு வேளையாக அந்த மூன்றாம் நாற்காலியில் உட்கார்ந்தோம். காலம் பூராவும் தங்களோடு மல்லுக்கட்டிய கணக்குப் பிரிவுத் தலைவரும் வந்து உட்கார்ந்தார், ஆடும் நாற்காலியைத் திட்டிக்கொண்டே! அவரே கூட்டத்தில் எழுந்து, "பயணிகளைக் கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன். அந்தம்மா இல்லாத நேரம் பாத்து ஆறு மணியைத் தூக்கினோம்னா, மறுநாளே எதிராளி அங்க குடித்தனம் வந்துடுவான்" என்றார். பேசி முடித்ததும் அவருக்கே வியர்த்துப்போயிற்று.

அக்கா, ஆறு மணி விமானம் இருக்கிறது. அடுத்த அட்டவணையிலும் இருக்கிறது. புதிய பெரியது தலைநகரத்துக்கே போகிறது.

அவசரமும் அலாரமும் இல்லாத விடியல்கள் தங்களுக்கு வாய்க்கட்டும்! நோய் அண்டாத உடலோடும், பேத்தியின் பேத்தியை மடியில் வைத்துக் கொஞ்சும் நெடிய ஆயுளோடும், அருகிலிருப்பவர் தங்கள் பேச்சில் குறுக்கிட முடியாத அதே குரலோடும் வாழ்க!

நாளைக் காலை ஆறு மணி விமானத்தில், பேத்தியைப் பார்க்கப் போக, தங்களுக்கும் தங்கள் கணவருக்கும் ஜன்னலோரமாக இடம் எடுத்திருக்கிறோம். தங்களுக்காக அதை ஒரு நிமிடம்கூட நிறுத்தி வைக்க மாட்டோம். தாங்கள் வளர்த்த பிள்ளைகள் நாங்கள். தப்பித்தவறித் தாமதமாக வந்தீர்களானால், கவுண்டருக்கு எதிரே எங்களில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். எழுந்து தங்கள் பின்னாலேயே வந்து கேட்பார்:

"உங்களுக்கு எத்தனை மணிக்குப் போகணும்?"

இங்ஙனம்,
மூன்றாம் நாற்காலியை முறைவைத்துக் காக்கவிருக்கும்
கால அட்டவணைப் பிரிவினர், கவுண்டர்த் தோழர்கள்,
மற்றும் (தம் பெயரைத் தனியாகப் போடச் சொன்ன) கணக்குப் பிரிவுத் தலைவர்