நீல ஹோல்டனுக்கு மூன்றாம் பூச்சு

பெயிண்டைப் பால் பதத்துக்குக் கரைக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எந்தப் பால் என்று ஒருவரும் சொல்வதில்லை. கெட்டியாக இருந்தால் பூச்சு ஆரஞ்சுத் தோல் மாதிரிப் புள்ளி புள்ளியாக நிற்கும். நீர்த்துவிட்டால் சிலந்திக்கால் போல நாலா பக்கமும் ஓடும். முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், சார்ஜென்ட் டாட்னல். எனக்கு முதல் என்றால் இதுதான்.

இந்த வயதில் எதற்கு ஏர்பிரஷ் என்று கேட்டீர்கள். என் கணவர் மெர்வ் பிளாஸ்டிக் கப்பல்கள் செய்து தூரிகையால் வண்ணம் தீட்டுவார். எங்கள் பெர்னி ஊர் மாடல் கிளப்பின் கண்ணாடி அலமாரியில் பாதி அவருடையவைதான். சிகரெட் அவருடைய நுரையீரலைத் தின்ற பிறகு கையும் நடுங்க ஆரம்பித்தது. கட்டில், ஆக்சிஜன் குழாய் என்றாகிவிட்டது வாழ்க்கை. பிரிக்காத பெட்டி ஒன்று மிச்சம் இருந்தது. உள்ளே உள்ளங்கை நீளத்துக்கு ஒரு பழைய ஹோல்டன் கார். நான் செய்யட்டுமா என்று கேட்டேன்.

"நீயா? கேக் மேல க்ரீம் தடவுற மாதிரின்னு நெனச்சியா கிளென்?" என்றார்.

காரின் பளபளப்பு தூரிகைக்கு வராது. அதனால் ஏர்பிரஷ் வாங்கினேன். பேனா அளவுதான் இருக்கும். விரலால் அமுக்கினால் காற்று வரும், அதே விரலைப் பின்னுக்கு இழுத்தால் பெயிண்ட் வரும். என் விரல்களில் முடக்குவாதம். அமுக்கினால் இழுக்க வராது, இழுத்தால் மொத்தமாகக் கொட்டும். நுனி அடைத்துக்கொள்ளும். கழற்றிக் கழுவி மாட்டினால், உள்ளிருக்கும் ஊசி வளைந்திருக்கும்.

ஒவ்வொரு முறையும் காரை மெர்விடம் கொண்டுபோய்க் காட்டுவேன். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொள்வார்.

"என்னடி, காருக்கு அம்மை போட்டிருக்கு?"

அடுத்த முறை, "இங்க பாரு, ஒரு முடி. என்னுது இல்ல. என் தலையில ஏது?" பிறகு சிரிப்பார், சிரிப்பு இருமலாகும், இருமல் அடங்கியதும் சொல்வார்: "போ, கழுவிட்டு வா."

கழுவுவது என்றால் பூச்சு முழுவதையும் ஸ்பிரிட்டில் ஊறவைத்துப் பல்துலக்கியால் தேய்த்து எடுப்பது. அடித்ததைவிடத் தேய்த்ததுதான் அதிகம். கதவின் கோடுகளே மழுங்க ஆரம்பித்தன.

கிளப்பில் கிளைவ்தான் வழி சொன்னார். "தண்ணி பெயிண்ட்டை விட்டுடு கிளெனிஸ். லாக்கர் பெயிண்ட் அடி, கண்ணாடி மாதிரி நிக்கும். ஆனா அதைக் கரைக்கிற தின்னரோட புகை பொல்லாதது. வெளியே தள்ளிடணும்." தன்னிடம் சும்மா கிடந்த, புகையை உறிஞ்சும் காற்றாடிப் பெட்டியையும் அதன் புகைக்குழாயையும் கொடுத்தார்.

குழாயை ஜன்னல் வழியே வெளியே விட்டேன். எங்கள் ஜன்னல் கடலைப் பார்த்தது. ஜலசந்திக் காற்று புகையை அப்படியே உள்ளே திருப்பி அனுப்பியது. ஈரம் பட்டதும் நீலம் வெளுத்து, மூடுபனி படிந்தது போலாயிற்று. ஈரமில்லாத நாளுக்குக் காத்திருந்தேன். பெர்னியின் ஜூலை மாதக் குளிர்காலத்தில் அப்படி ஒரு நாள் உங்களுக்குக் கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்.

என் வேலையறைக்கும் மெர்வ் படுத்திருந்த அறைக்கும் நடுச்சுவரில், பழைய கணப்பின் குழாய் போன ஓட்டை ஒன்று உண்டு. கிளைவின் குழாய் அதில் அளவெடுத்தது போலப் பொருந்தியது. அந்தப் பக்கம் காற்று அசையாது. குளிர் ஆகாதென்று அந்த அறை ஜன்னலை ஆணி அடித்து மூடச் சொன்னவர் மெர்வ்தான்.

அன்றைக்கு நீலம் வெளுக்கவில்லை.

"கிளென், என்ன நாத்தம் இது? நெஞ்ச அடைக்குது."

"பெயிண்ட்தான் மெர்வ். கொஞ்சம் பொறு."

"கதவையாவது தொறந்து விடுடி."

எழுந்து போய்த் திறந்தேன். நடைவழிக் கம்பளத்தின் தூசு கிளம்பி ஈரப்பூச்சில் உட்கார்ந்தது. மூச்சு திரும்பியதும் மெர்வ் பூதக்கண்ணாடியை வாங்கி, ஒரு தூசு விடாமல் கண்டுபிடித்தார். "கழுவிட்டு வா" என்றார். அவருக்காகத் திறந்ததால் விழுந்த தூசு அது. அதை அவர் யோசிக்கவே இல்லை. எனக்கு அதுதான் ஆற்றாமையாக இருந்தது.

எனவே வியாழக்கிழமை எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். அவர் அறைக்கதவின் அடியில் ஈரத்துண்டு ஏன் வெளிப்பக்கம் இருந்தது என்று கேட்டீர்கள். தூசு வெளிப்பக்கம்தானே இருக்கிறது. கைத்தடியை எடுத்துச் சமையலறையில் வைத்தேன். அதைக் கொண்டு சுவரைத் தட்டினால் என் மேசை அதிரும். அவருடைய போனும் அங்கேதான் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

முதல் பூச்சின்போது கூப்பிட்டார். இரண்டாவதின்போது இருமினார். மூன்றாவதுதான் கடினமானது. அது நிறமே இல்லாத பளபளப்புப் பூச்சு, கை கொஞ்சம் தயங்கினாலும் வழிந்துவிடும். அந்த நேரம் வீடு நல்ல அமைதியாக இருந்தது. விரல் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை.

காய்ந்ததும் உள்ளே கொண்டுபோனேன். அவர் கண் திறந்துதான் இருந்தது. பூதக்கண்ணாடியை நானே பிடித்தேன். ஆம்புலன்ஸைக் கூப்பிடும் முன் கிளைவைக் கூப்பிட்டது உண்மைதான். கிளப் கண்காட்சியில் இடம் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன்.

"முடிச்சிட்டியா, கெட்டிக்காரி. மெர்வ் என்ன சொன்னான்?" என்றார்.

"ஒரு குறையும் சொல்லல" என்றேன்.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். புகை என் அறையிலிருந்துதானே போயிற்று, எனக்கு எப்படி ஒன்றும் ஆகவில்லை என்று. நான் வடிகட்டி பொருத்திய முகமூடி போட்டிருந்தேன். போன வாரம் மெர்வும் தனக்கு ஒன்று வாங்கித் தரச் சொன்னார்.

"ஒனக்கு எதுக்கு மெர்வ்? பெயிண்ட் அடிக்கிறது நான்தானே" என்றேன்.